'யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ' என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரச அலுவலகங்களின் செயலாளர்கள், பணிப்பாளர்கள், தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பொறுப்பானவர்கள் அனைவருக்கும்,

கொழும்பில் இருக்கும் உங்கள் அலுவலகங்களில் ஒன்று அண்மையில் தன் முற்பதிவுக் கரும பீடத்தை மூடிவிட்டது. நாள் குறிப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் இனி இணையத்தில்தான், நேரில் வருவோரின் விண்ணப்பம் ஏற்கப்படாது என்று அறிவித்தலும் போட்டாயிற்று. அந்தத் தளத்தைக் கண் தெரியாத எவராலும் தனியாகப் பாவிக்க முடியாது. நேரில் போய் அதைச் சொன்னேன். கிடைத்த பதில், "யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்த அதிகாரி கோபமாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற தொனியில்தான் சொன்னார். இதே பதிலை வேறு வேறு கரும பீடங்களில் வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். இந்த முறை சும்மா இருக்க மனம் வரவில்லை, ஏனென்றால் இருந்த ஒரே மாற்று வழியையும் மூடிவிட்டுத்தான் இதைச் சொல்கிறீர்கள்.

அலுவலகத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அவசர அவசரமாகப் பூசி மெழுகுவீர்கள், மற்றவர்கள் "நல்ல காலம், எங்களைச் சொல்லவில்லை" என்று இருந்துவிடுவீர்கள்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. கைதடியில் பிரெய்ல் படித்து, கொழும்புக்கு வந்து, ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் கணினியோடுதான் பிழைப்பு. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற மென்பொருளைப் பாவிக்கிறேன். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது அது. இலவசம். அண்ட்ரொய்ட் போன்களில் டோக்பேக், ஐபோனில் வொய்ஸ்ஓவர் என்று அதே வேலையைச் செய்பவை போனோடு சேர்ந்தே வருகின்றன. ஆக, கருவி வாங்கித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்க நான் வரவில்லை. என் பக்கத்து ஆயத்தம் எப்போதோ முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தாள் படிவமே நல்லது என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. தாள் எனக்கு வெறும் தாள். அதில் என்ன அச்சடித்திருக்கிறது, எந்தக் கோட்டில் எழுத வேண்டும் என்று ஒருவர் சொல்லாமல் ஒன்றும் நடக்காது. இணையம் வந்தபோது மற்ற எல்லாரையும்விட எங்களுக்குத்தான் அது பெரிய விடுதலை. பத்திரிகையை நானே வாசிக்கிறேன், மின்சார பில்லை நானே கட்டுகிறேன். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தை இணையத்தில் கட்டும் கவ்பே 2025 பெப்ரவரியில் தொடங்கியபோது எங்கள் வட்டத்தில் எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம் என்று உங்களுக்குத் தெரியாது. கியூவில் நிற்க வேண்டாம் என்பது உங்களுக்கு வசதி. எங்களுக்கு, இன்னொருவரின் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்பது.

அதனால்தான் அந்தத் தளம் இவ்வளவு எரிச்சலைத் தருகிறது. சாதாரணமாக எழுதிய ஓர் இணையப் படிவம் தானாகவே எங்களுக்குத் திறந்துதான் இருக்கும். மினக்கெட்டு வேலை செய்து நீங்கள்தான் அதைப் பூட்டுகிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். படிவத்தின் முதல் பெட்டிக்குப் போனேன். "எடிட், பிளாங்க்" என்றது குரல். அடுத்த பெட்டி, "எடிட், பிளாங்க்." அதற்கடுத்ததும் அதே. எது பெயர், எது அடையாள அட்டை இலக்கம், எது பிறந்த திகதி? கண்ணால் பார்ப்பவருக்குப் பெட்டிக்கு மேல் 'முழுப் பெயர்' என்று எழுத்து இருக்கிறதாம். ஆனால் அந்த எழுத்து இந்தப் பெட்டிக்குரியது என்று நிரலில் எங்கும் சொல்லப்படவில்லை. அதைச் சொல்ல ஒரு வரி போதும். தொழில் பழகும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது.

ஊகித்து ஊகித்து நாட்காட்டி வரைக்கும் வந்தேன். அது மவுஸ் இல்லாமல் அசையாது. நாங்கள் மவுஸ் பாவிப்பதில்லை, விசைப்பலகைதான். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அதுதான் வழி. காலியான நாள் பச்சை, நிரம்பிய நாள் சிவப்பு, நிறத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது என்று பிறகு ஒருவர் சொல்லித் தெரிந்தது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். இதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் தானாக மூடிக்கொண்டது. கூடுதல் நேரம் வேண்டுமா என்ற கேள்வி இல்லை. நிரப்பியதெல்லாம் போச்சு.

திரும்பவும் முதலில் இருந்து தொடங்கி, பக்கத்து மேசைத் தோழி நாளைத் தெரிவுசெய்து தர, கடைசிப் படிக்குப் போனால் அங்கே நெளிந்த எழுத்துகள் கொண்ட ஒரு படம். நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். இந்தப் படங்களை இப்போது ரோபோக்கள் நன்றாகவே வாசித்துவிடுகின்றன. நாங்கள்தான் வெளியே நிற்கிறோம்.

அப்புறம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் வழிகாட்டி ஆவணங்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஸ்கேன் செய்தது. யாரோ ஒரு எழுதுநர் அதைக் கணினியில் எழுத்தாகத்தான் அடித்திருப்பார். பிறகு அச்செடுத்து, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, படமாக்கி ஏற்றியிருக்கிறார்கள். எழுத்தாக இருந்ததைப் படமாக்க எத்தனை பேரின் உழைப்பு! படத்தை என் மென்பொருள் வாசிக்காது. படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி போட்டுப் பார்த்தால் முத்திரை விழுந்த இடமெல்லாம் குழம்பி வருகிறது.

மற்றது பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும். கணினிக்குள் பதிவாவது 'எம், கே, செமிகோலன், கே, எச்'. என் காதுக்கு வருவதும் அதுதான். ஒரு முழுப் பக்கத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள், கண் தெரிந்தவர்களுக்கும் தலை சுற்றும். தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு இலங்கையின் சொந்தத் தர நிர்ணயமான எஸ்எல்எஸ் 1326 வந்தது 2008இல். ஒருங்குறியில் (யூனிகோட்) அடித்த தமிழை எங்கள் கருவிகள் அழகாக வாசிக்கின்றன. ஒருங்குறியில் இருந்தால் தேடலிலும் அகப்படும், கண் தெரிந்தவருக்கும் அது இலாபம்தான். தமிழ் இந்த நாட்டில் அரச கரும மொழி. கண் தெரியாத தமிழருக்கும் அது அப்படித்தான்.

சரி, நீங்கள் சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டுப் பையன் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு வந்தான். அதிகாரி அவனைப் பார்த்துத்தான் கதைத்தார். "அவவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கதிரையில் இருந்தது நான், விண்ணப்பம் என்னுடையது, கேள்வி மட்டும் என் தலைக்கு மேலால் போனது. "என்னைக் கேளுங்கோ" என்றேன். "இல்லை அம்மா, நீங்கள் இருங்கோ" என்றார், மரியாதையாகத்தான்.

அங்கே ஒரு மூலையில் பொதுமக்களுக்காக வைத்திருந்த கணினியில் பையன் படிவத்தை நிரப்பினான். மாத வருமானம் எவ்வளவு, வங்கிக் கணக்கு இலக்கம் என்ன, இயலாமையின் வகை என்ன, என்ன சிகிச்சை எடுக்கிறேன் என்று ஒவ்வொன்றையும் அவன் வாசிக்க, நான் வாய்விட்டுச் சொல்ல, பின்னால் கியூவில் நின்றவர்களும் கேட்டார்கள். பிறகு என் போனுக்கு ஒருமுறைக் கடவு எண் வந்தது. அதையும் சத்தமாகச் சொன்னேன். இந்த எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லா வங்கியும் குறுஞ்செய்தி அனுப்புகிற நாட்டில், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லு என்பதுதான் எங்களுக்கு நீங்கள் வகுத்த முறை.

பையன் நல்லவன். எனக்கு வாய்த்தது அப்படி. ஆனால் கூட வர ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? அதைவிட, கூட வரக்கூடிய ஒரே ஆளைப் பற்றியே முறையிட வேண்டியவளாக ஒருத்தி இருந்தால்? தன் பணத்தை எடுக்கும் தம்பியைப் பற்றியோ, அடிக்கிற புருஷனைப் பற்றியோ அவள் உங்களிடம் எழுதித் தர வேண்டும் என்றால், அந்தப் படிவத்தை யார் நிரப்புவது? "யாரையாவது" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்கிற அந்த ஆள், பல வீடுகளில் ஒரே ஒருவர்தான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் கூடும் இடங்களில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது இதுதான்.

இனிச் சட்டம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக வந்தது. அதன் 23ஆம் பிரிவு, பொதுமக்கள் போகக்கூடிய எந்தக் கட்டடத்துக்கோ இடத்துக்கோ போவதிலும் அதைப் பயன்படுத்துவதிலும், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவர்மீது பொறுப்போ கட்டுப்பாடோ நிபந்தனையோ சுமத்தக் கூடாது என்கிறது. துணைக்கு ஆள் வேண்டும் என்பது நிபந்தனை இல்லாமல் வேறென்ன? 1996இல் இணையத்தளத்தை நினைத்து அதை எழுதியிருக்க மாட்டார்கள்தான். ஆனால் கரும பீடத்தை இழுத்து மூடி, இணையத்தளம்தான் இனி அலுவலகம் என்று சொன்னவர்கள் நீங்களே. அப்படியென்றால் அந்தப் பிரிவு அங்கேயும் வரத்தானே வேண்டும்?

இயலாமையுடையோரின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 22ஆம் உறுப்புரை எங்கள் அந்தரங்கத்தைப் பற்றியது; உடல்நலத் தகவல்களையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பாதுகாக்கச் சொல்கிறது. கியூவின் முன்னால் என் சிகிச்சை விபரத்தைச் சொல்ல வைத்தவர்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

வெளிநாட்டுச் சமவாயம் வேண்டாம், நம் நாட்டுச் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எழுத்தில் கேட்க முடியாதவர் வாயால் கேட்கலாம், அதை எழுத்தாக்குவது தகவல் அதிகாரியின் கடமை. கூட யாரையாவது கூட்டி வரும்படி அந்தச் சட்டம் சொல்லவில்லை. உதவும் பொறுப்பை அலுவலகத்தின்மேல் வைத்திருக்கிறது. நல்ல சட்டம். மற்ற இடங்களிலும் அதையே செய்ய என்ன தடை?

கட்டடங்களின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில், அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் நண்பி தன் சக்கர நாற்காலியோடு போன அலுவலகத்தில் சாய்தளம் இருந்தது, அதன் குறுக்கே மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. சாய்தளமும் செங்குத்து. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது மேசன்மார் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவள் போக வேண்டிய பிரிவு மாடியில் இருந்ததால் எழுதுநர் ஒருவர் கீழே இறங்கி வந்தார். படிக்கட்டடியில், போகிற வருகிறவர்கள் கேட்க, அவளுடைய குடும்ப விவகாரம் விசாரிக்கப்பட்டது. காது கேளாதவர்களுக்கோ, "பிரச்சினை என்றால் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும்" என்ற ஒரே வரி. குறுஞ்செய்தி இலக்கம் ஒன்றை அதற்குப் பக்கத்தில் போட என்ன செலவு?

செலவு என்றதும் நீங்கள் சொல்லப்போவது தெரியும். நிதி இல்லை, நாடு இருக்கிற நிலையில் இதெல்லாம் முன்னுரிமை இல்லை. கட்டி முடித்த பிறகு உடைத்துக் கட்டினால் செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். பெட்டிக்குப் பெயர் வைப்பதும், ஆவணத்தை ஸ்கேன் செய்யாமல் அப்படியே ஏற்றுவதும் எந்த நிதி ஒதுக்கீட்டில் வருகின்றன என்று சொல்லுங்கள். தொடக்கத்திலேயே யோசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என் பணப்பையிலேயே சான்று இருக்கிறது. 2011இல் வெளிவந்த நாணயத்தாள் வரிசையில் தொகைக்குத் தொகை தாளின் நீளம் மாறும். புறக்கோட்டைச் சந்தையில் மிச்சக் காசு வாங்கினால் விரலால் அளந்தே சரியா பிழையா என்று சொல்லிவிடுவேன். அதற்காக நாடு வங்குரோத்து ஆகவில்லை. (ஆனது வேறு காரணங்களால்.)

ஆட்கள் குறைவு என்றும் சொல்லாதீர்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருப்பதாகச் சொன்னவர்கள் 16 இலட்சத்துக்கும் மேல். ஐந்து வயதுக்கு மேற்பட்ட சனத்தொகையில் அது 8.7 வீதம். அதில் ஏறத்தாழ 10 இலட்சம் பேருக்குப் பார்வைச் சிரமம். இவர்கள் உங்கள் கரும பீடத்துக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்றுதான் யோசிக்க வேண்டும்.

நான் கேட்பவை இவை. முதலில், மூடிய கரும பீடத்தைத் திறவுங்கள். தளம் சரியாகும்வரை, இயலாமையுடையோரும் முதியோரும் நேரிலும் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் நாள் குறிக்க வழி இருக்க வேண்டும். இதற்குக் குழு அமைக்கத் தேவையில்லை, நாளைக் காலையே செய்யலாம்.

இரண்டாவது, துணைக்கு ஆள் கொண்டுவரும்படி எந்த அலுவலரும் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். துணையோடு வருவதா தனியே வருவதா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். உதவி கேட்டால், இரகசியம் காக்கப் பொறுப்புள்ள ஓர் அலுவலர், மற்றவர் காதில் விழாத இடத்தில் வைத்து உதவ வேண்டும். கேள்விகளை எங்களிடமே கேட்க வேண்டும் என்பதையும் அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரியாகச் சேருங்கள். வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

தளங்களைப் பொறுத்தவரை, இனி நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு கேள்விப்பத்திரத்திலும் (டெண்டர்), தளங்களை எங்களைப் போன்றவர்களும் பாவிக்கும்படி அமைப்பது எப்படி என்று சொல்லும் சர்வதேச இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பான 2.2இன் ஏஏ நிலையை நிபந்தனையாக்குங்கள். எங்களுக்குப் போட்ட நிபந்தனையை ஒப்பந்தக்காரருக்குப் போடுங்கள். இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னால், கண் தெரியாதவர், கை அசைக்க முடியாதவர், காது கேளாதவர் என்று உண்மையான ஆட்களை, கூலி கொடுத்து, மூன்று மொழியிலும் பரிசோதிக்க வையுங்கள். அவர்கள் முடிக்க முடியாத படிவத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எண்ணிம அடையாள அட்டைக்கான வேலைகளில் இப்போதே எங்களை உட்கார வையுங்கள். அடையாள அட்டையிலேயே வழி அடைபட்டால் அதற்குப் பிறகு வரும் எந்தச் சேவையும் எங்களுக்கு இல்லை.

படிவம், சுற்றறிக்கை, அறிவித்தல் எல்லாவற்றையும் ஒருங்குறியில், எழுத்தாகவே வெளியிடுங்கள். கையொப்பமும் முத்திரையும் உள்ள பிரதி வேண்டுமென்றால் அதையும் பக்கத்தில் போடுங்கள், ஆட்சேபம் இல்லை. பாமினியில் இருக்கும் பழைய ஆவணங்களை மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் தாராளமாக இருக்கின்றன.

கடைசியாக, ஒவ்வொரு அலுவலகமும் இதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பதவியையும், அவரை அடையும் வழியையும், எது எந்தத் திகதிக்குள் திருத்தப்படும் என்பதையும் மூன்று மாதத்துக்குள் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அப்படி ஒன்றும் நடக்காவிட்டால், 1996ஆம் ஆண்டுச் சட்டம் காட்டும் வழியில் மேல் நீதிமன்றத்துக்குப் போக எங்களில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்கள் என்றால் தமிழில், மின்னஞ்சலில், எழுத்தாக அனுப்புங்கள். கடிதத் தலைப்போடு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து, உங்கள் சேவை பெறுநர் ஒருத்தி